வடபுலத்துக் குளிர்காலமும் மக்கள் உடல்நலமும்

பாரத நாட்டின் தட்பவெப்பநிலையைப் பற்றிப் பேசும்போது கோடை வெயிலும் பருவமழையும் முதலிடம் பெறுகின்றன. குளிர் அந்த அளவுக்குக் கருத்தில் கொள்ளப்படுவதில்லை. தமிழகத்தின் சமவெளிப் பகுதிகளில் மார்கழிப் பனி ஒரு போர்வையோடு முடிந்துவிடுகிறது. ஆனால் பஞ்சாப், அரியானா, டில்லி, உத்தரப் பிரதேசம், பீகார் ஆகியவற்றை உள்ளடக்கிய பரந்த சமவெளியில் டிசம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரித் தொடக்கம் வரையுள்ள நாட்கள் வேறு வகையானவை. கதிரவன் பல நாட்கள் தொடர்ந்து கண்ணில் படுவதில்லை. முற்பகல் பதினொரு மணிக்கும் சாலை விளக்குகள் எரிகின்றன. முதியோருக்கு மூச்சு வாங்குகிறது, குழந்தைகள் இருமுகின்றனர், நல்ல உடற்கட்டுள்ளவர்களுங்கூடக் காரணம் புரியாத சோர்வை உணர்கின்றனர்.

இச்சோர்வையும் நோயையும் குளிர்காலத்தின் இயல்பு என்று ஏற்றுக்கொள்ளும் மனப்பான்மை நம்மிடையே பரவலாக உள்ளது. உழைக்க முடியாதவரைச் சோம்பேறி என்று பழிக்கும் வழக்கமும் உண்டு. இவ்விரண்டும் சரியல்ல. குளிர்காலத்து உடல்நலக் குறைவுக்குத் தனித்தனியே அறியத்தக்க காரணங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை எளிய வழிகளால் தடுக்கத்தக்கவை. மேலும், புயலையும் வெள்ளத்தையும் போல் குளிர்காலம் திடீரென்று வருவதில்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழக் குறித்த நாளில் வருகிறது. எனவே அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பது இல்லத்தாருக்கும் இயலும், நிர்வாகத்திற்கும் இயலும்.

மூடுபனி எவ்வாறு உருவாகிறது?

குளிர்காலத்தில் மத்திய தரைக்கடல் பகுதியிலிருந்து புறப்படும் காற்றுச் சுழற்சிகள் ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வடமேற்கு இந்தியாவை வந்தடைகின்றன. மேற்கத்திய இடையூறுகள் என அழைக்கப்படும் இவை மலைப்பகுதியில் பனிப்பொழிவையும் சமவெளியில் சிறு மழையையும் தருகின்றன. கோதுமைப் பயிருக்கு இம்மழை பெரும் நன்மை பயப்பது. இடையூறு கடந்து சென்றபின் வானம் தெளிகிறது. வடமேற்கிலிருந்து குளிர்காற்று வீசுகிறது. பின்னர்க் காற்று ஓய்ந்து அமைதியாகும் இரவுகளில், தெளிந்த வானத்தின் கீழ்த் தரை தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. தரையை ஒட்டியுள்ள ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாக மாறுகிறது. நீர் பாய்ச்சப்பட்ட வயல்களும் ஆறுகளும் இந்த ஈரத்தை மேலும் மிகுவிக்கின்றன.

இந்நிலையில் தரையருகே குளிர்ந்த காற்றும் அதற்குமேல் சற்று வெதுவெதுப்பான காற்றும் அமைகின்றன. மேலுள்ள அடுக்கு ஒரு மூடியைப் போல் செயற்படுவதால் கீழுள்ள காற்று மேலெழுந்து கலைய முடிவதில்லை. அடுப்புப் புகை, வாகனப் புகை, ஆலைப் புகை, கட்டுமானத் தூசு ஆகிய அனைத்தும் அம்மூடியின் கீழேயே தங்கிவிடுகின்றன. மூடுபனி கதிரொளியைத் தடுக்கிறது. கதிரொளி இன்மையால் தரை சூடேறுவதில்லை. தரை சூடேறாததால் மூடுபனி விலகுவதில்லை. இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழல் சில சமயம் பல நாட்கள் நீடிக்கிறது.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ் இருந்து, இயல்பான அளவைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை குறையுமானால் அது குளிரலை எனப்படும். இயல்பைக் கருதாமல், வெப்பநிலை 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இறங்கினாலும் அது குளிரலையே. இரவு வெப்பநிலை 10 டிகிரிக்கு மேற்படாத நிலையில் பகலின் உச்ச வெப்பநிலை இயல்பைவிட 4.5 டிகிரி அல்லது அதற்கு மேல் குறையுமானால் அந்நாள் ‘குளிர்நாள்’ என வகைப்படுத்தப்படுகிறது. உடல்நல நோக்கில் குளிரலையைப் போலவே குளிர்நாளும் கருதத்தக்கது. இரவில் இழந்த வெப்பத்தைப் பகலில் மீட்டுக்கொள்ளும் வாய்ப்பை அது உடலுக்கு அளிப்பதில்லை.

மிதமான குளிரும் ஆபத்தானதே

குளிர் என்றவுடன் செய்தித்தாள்களில் இடம்பெறுவது ஆண்டின் மிகக் கடுமையான ஓர் இரவு. உண்மையில் பெருந்தீங்கு விளைவிப்பது அந்த ஓர் இரவன்று. 2001 முதல் 2013 வரையிலான நாடு தழுவிய இறப்புத் தகவல்களை அடிப்படையாகக் கொண்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, கடுங்குளிரோடும் வெப்பத்தோடும் ஒப்பிடும்போது மிதமான குளிரோடு தொடர்புடைய இறப்புகளே மிகுதி என்று கண்டறிந்தது. பக்கவாதம், இதயநோய், மூச்சுறுப்பு நோய்கள் ஆகியவற்றில் இத்தொடர்பு தெளிவாகக் காணப்பட்டது. கடுங்குளிர் சில நாட்களே நிலவுகிறது. மிதமான குளிரோ வாரக்கணக்கில் நீடிக்கிறது. எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில் மட்டும் விழிப்பாக இருப்பது போதாது என்பதை இதிலிருந்து உணரலாம்.

குளிரில் உடல் தன் உள்வெப்பத்தைக் காத்துக்கொள்ளத் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயத்தின் பணிச்சுமை மிகுகிறது. தாகம் குறைவதால் நீர் அருந்துவது குறைகிறது. சிறுநீர் மிகுதியாகக் கழிகிறது. இரத்தம் சற்றுத் தடிப்படைகிறது. இவையெல்லாம் ஒன்றுசேரும் குளிர்கால அதிகாலை, மாரடைப்புக்கும் பக்கவாதத்திற்கும் வாய்ப்பான நேரமாகிறது. உயர் இரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்பவர்கள் கோடைகாலத்து அளவையே நம்பியிராமல், குளிர்காலத் தொடக்கத்தில் மீண்டும் ஒருமுறை அழுத்தத்தை அளந்து மருத்துவரைக் கலந்துகொள்வது நலம். மருந்தின் அளவைத் தாமே கூட்டுவதோ குறைப்பதோ கூடாது.

முதியோரின் உடல் குளிரை உடனே உணர்வதில்லை. நடுக்கம் இல்லாமலே அவர்களது உடல் வெப்பம் குறைந்துவிடக்கூடும். உள்வெப்பநிலை 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் பேச்சுக் குழறல், தடுமாற்றம், மிகுந்த உறக்கம் ஆகியவை தோன்றும். இது முதுமைத் தளர்ச்சி அன்று. உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலை. எடை குறைந்து பிறந்த குழந்தைகளின் நிலையும் இத்தகையதே. அத்தகைய குழந்தையைத் தாயின் மார்போடு தோல் தொட அணைத்து, மேலே துணியால் போர்த்திவைக்கும் ‘கங்காரு தாய்ப் பராமரிப்பு’ முறை, செலவு எதுவும் இன்றி உயிர்காப்பது.

நமது சமவெளி வீடுகள் கோடையை எண்ணிக் கட்டப்பட்டவை. உயர்ந்த கூரை, கல் தரை, சுவரின் மேற்பகுதியில் காற்றோட்டத் துளைகள் ஆகிய அனைத்தும் மே மாதத்தில் வரமாகவும் ஜனவரியில் சுமையாகவும் அமைகின்றன. குளிர்காலத்தில் வீட்டினுள் வெப்பநிலை 18 டிகிரிக்குக் குறையாதிருப்பது நல்லது என உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. வட இந்தியாவின் எளிய இல்லங்கள் பலவற்றில் இது எட்டாத அளவு. ஆயினும் முதியோரும் குழந்தைகளும் உறங்கும் ஓர் அறையையேனும் தேர்ந்து, கதவிடுக்குகளைத் துணியால் அடைத்து, தரையில் வைக்கோலோ பாயோ பரப்பி, பகல் வெயிலை உள்ளே விட்டு மாலைக்கு முன் சன்னலை மூடினால் அவ்வறையின் குளிரைக் கணிசமாகத் தணிக்கலாம்.

குளிர்காயும் நெருப்பும் அதன் புகையும்

குளிரிலிருந்து தப்ப ஏழை எளியோர் நாடுவது நெருப்பையே. அங்கீட்டி எனப்படும் கரியடுப்பை அறைக்குள் வைத்து, கதவுகளைச் சாத்திக்கொண்டு குடும்பமே உறங்குவது வட மாநிலங்களில் வழக்கம். மூடிய அறையில் கரி முழுமையாக எரிவதில்லை. அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு இணையும் ஆற்றலில் அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேற்பட்டது. முதலில் தலைவலியும் மயக்கமும் தோன்றும். உறக்கத்தில் இருப்பவர் அவற்றையும் உணர்வதில்லை. குளிர்காலந்தோறும் குடும்பங்கள் இவ்வாறு மடிவது செய்தியாக வருகிறது. உறங்கும் அறையில் கரியடுப்பு இருத்தலாகாது. படுக்கைக்குச் செல்லுமுன் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். இவ்வொரு விதியை ஒவ்வொரு இல்லத்திற்கும் எடுத்துச் சொல்வது பல உயிர்களைக் காக்கும். தமிழகத்தின் நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்கும் இவ்விதி பொருந்தும்.

சமையல் புகை பற்றிய முயற்சிகள் நாட்டில் நீண்டகாலமாக நடைபெற்று வருகின்றன. 1980களில் புகையற்ற அடுப்புத் திட்டம் நாடெங்கும் பரப்பப்பட்டது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி உஜ்வலா திட்டத்தின் வழியாக, 2019 செப்டம்பருக்குள் 8 கோடி ஏழை இல்லங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கப்பட்டது. இது பெரும் சாதனையே. எனினும் குளிர்காலத்தைப் பொறுத்தவரை ஒன்றைக் கருத வேண்டும். மண் அடுப்பு உணவைச் சமைப்பதோடு வீட்டையும் வெதுவெதுப்பாக வைக்கிறது; குளிக்க வெந்நீரும் தருகிறது. எரிவாயு அடுப்பு முதற்பணியை மட்டுமே நன்கு செய்கிறது. மறு உருளையின் விலையும் இதனோடு சேரும்போது, எரிவாயு இணைப்புள்ள வீட்டிலும் டிசம்பரில் விறகடுப்பு திரும்பிவிடுகிறது. வீட்டுக்கு வெப்பம் தரும் வழியைத் தனியே எண்ணாமல் புகையை மட்டும் நீக்க முற்படுவது முழுப் பயன் தராது.

வெளிக்காற்றின் நிலையும் கவலைக்குரியது. 2.5 மைக்ரான் விட்டத்திற்கு மேற்படாத நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை சென்று, இரத்தத்திலும் கலக்கக்கூடியவை. ஒரு கனமீட்டர் காற்றில் இவை 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது நமது தேசிய அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவு 15 மட்டுமே. அக்டோபர், நவம்பரில் வயல்களில் வைக்கோல் தாள் எரிக்கப்படுவதால் தொடங்கும் மாசு, அது ஓய்ந்த பின்னரும் நகரப் புகையாலும் அசைவற்ற காற்றாலும் ஜனவரி வரை தொடர்கிறது. காற்றுத் தரக் குறியீடு 301 முதல் 400 வரை இருந்தால் ‘மிக மோசம்’ என்றும், 400ஐக் கடந்தால் ‘கடுமை’ என்றும் அறிவிக்கப்படுகிறது. அந்நாட்களில் ஆஸ்துமா, நெடுநாள் நுரையீரல் அடைப்பு நோய், இதயநோய் உடையவர்கள் அதிகாலை நடைப்பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். விடியற்காற்று தூயது என்னும் நம் நம்பிக்கை குளிர்கால வடபுல நகரங்களுக்குப் பொருந்தாது. புகை தரையோடு மிக நெருங்கியிருப்பது அந்த வேளையிலேதான்.

கதிரொளிக் குறைவு

டிசம்பர் 21 அல்லது 22இல் சென்னையின் பகற்பொழுது ஏறத்தாழ பதினொன்றேகால் மணி நேரம். அதே நாளில் டில்லியில் பத்தேகால் மணி நேரத்தைச் சற்றே கடக்கிறது. ஸ்ரீநகரில் பத்து மணி நேரத்தையும் எட்டுவதில்லை. கிடைக்கும் அந்தப் பகலையும் மூடுபனி மறைக்கும்போது உடலுக்கு இரு வகை இழப்பு நேர்கிறது.

முதலாவது, வைட்டமின் டி. தோலின்மீது படும் புற ஊதாக் கதிரின் ஒரு பகுதியால் இது உடலிலேயே உருவாகிறது. எலும்புக்கும் தசைக்கும் இது இன்றியமையாதது. இதன் குறைவால் உடல்வலியும் தசைத் தளர்ச்சியும் உண்டாகின்றன. வெயில் மிகுந்த நம் நாட்டிலும் இக்குறைபாடு பரவலாக இருப்பது பல ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. குளிர்காலத்தில் கதிர்கள் சாய்வாக விழுவதாலும், காற்றின் மாசு அவற்றைத் தடுப்பதாலும், உடல் முழுதும் கம்பளியால் மூடப்படுவதாலும் குறைபாடு மேலும் மிகுகிறது. வெயில் தோன்றும் நாட்களில் முற்பகல் பதினொரு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையே, முகமும் கைகளும் வெயிலில் படும்படி அரைமணி நேரம் அமர்தல் நன்று. கண்ணாடிச் சன்னலுக்குப் பின் அமர்வதால் வெதுவெதுப்பு கிடைக்குமேயன்றி வைட்டமின் கிடைக்காது. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. வைட்டமின் டி செறிவூட்டப்பட்ட பாலும் சமையல் எண்ணெயும் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. மிகுந்த அளவு மாத்திரைகளை மருத்துவரின் அறிவுரையின்றி உட்கொள்வது தீங்காகும்.

இரண்டாவது இழப்பு மனத்தைப் பற்றியது. கண் வழியாகப் புகும் காலையொளியே நம் உடலின் உட்கடிகாரத்தைச் சரிசெய்கிறது. ஒளி குறையும்போது உறக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரக்கும் நேரம் பிறழ்கிறது. பகலில் உறக்கம், இனிப்பிலும் மாவுப் பொருளிலும் மிகுந்த நாட்டம், வேலையில் ஊக்கமின்மை, பிறரோடு பழக விருப்பமின்மை ஆகியவை தோன்றுகின்றன. குளிர்காலந்தோறும் வந்து வேனிலில் நீங்கும் மனச்சோர்வை நார்மன் ரோசந்தால் என்னும் மருத்துவர் தம் குழுவினரோடு 1984இல் தனி நோயாக விவரித்தார். துருவத்தை நோக்கிய நாடுகளில் இது மிகுதி. நம் நாட்டில் அனைவரது குளிர்காலச் சோர்வையும் இந்நோய் என்று கூறுதல் தவறு. ஆனால் ஒளிக்கும் ஊக்கத்திற்கும் உள்ள தொடர்பு எல்லா மனிதருக்கும் பொதுவானது.

வீட்டு விளக்கின் ஒளி பெரும்பாலும் சில நூறு லக்ஸ் அளவே. மேகம் மூடிய பகலிலும் வெளியே அதைப்போல் பன்மடங்கு ஒளி உண்டு. ஆகவே கதிரவன் தெரியாத நாளிலும் காற்றின் நிலை இடங்கொடுக்குமானால் பகலில் சிறிது நேரம் வெளியே வருதலும், படிக்கும் மேசையைச் சன்னலருகே மாற்றுதலும், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதலும் பயன் தரும். தென்னகத்திலிருந்து படிப்புக்காகவும் பணிக்காகவும் வடக்கே செல்லும் இளைஞர்கள் தம் முதற்குளிர்காலத்தில் அறைக்குள்ளேயே அடைந்துகிடப்பதுண்டு. குளிரைக்காட்டிலும் அத்தனிமை அவர்களை வாட்டுகிறது. உடன் உணவருந்தவும் உரையாடவும் துணை தேடிக்கொள்வது அவர்களுக்கு மருந்தை ஒத்தது. சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வில் வெறுப்புத் தோன்றினாலோ மருத்துவ உதவி நாடத் தயங்கலாகாது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் ஆலோசனை பெறலாம்.

சோர்வுக்குப் பின் மறைந்துள்ள நோய்கள்

குளிர்காலம் சில நோய்களைத் தோற்றுவிப்பதோடு, முன்பே உள்ள சில நோய்களை வெளிப்படுத்தவும் செய்கிறது. அவற்றுள் முதன்மையானது இரத்தசோகை. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உடையவர்கள். இரத்தசோகை உள்ளவருக்குக் குளிர் மிகுதியாகத் தெரியும். சிறு வேலையிலும் மூச்சு வாங்கும். அதிகாலையில் எழுந்து தண்ணீரில் பாத்திரம் துலக்கி, அடுப்பூதி, வயலுக்கும் செல்லும் பெண்ணின் களைப்பைப் பருவத்தின்மீது சுமத்திவிட்டுச் சும்மாயிருத்தல் முறையன்று. ஓர் எளிய இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டிவிடும்.

தைராய்டு சுரப்புக் குறைவிலும் குளிர் தாங்காமை, எடை கூடுதல், மந்தம் ஆகியவை உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமலைக் குளிர்கால இருமல் என்று கருதாமல் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வேகமாக மூச்சு விட்டாலோ, மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ அது நிமோனியாவின் அறிகுறி. வீட்டு வைத்தியத்தில் பொழுதைக் கழிக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கப்பட்டு, 2021இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. குளிர்காலத்திற்கு முன் தவணைகளை முடித்தல் நன்று.

உணவும் உழைப்பும்

வடபுலத்து உழவர் குடிகள் குளிருக்கு ஏற்ற உணவு முறையை நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். கம்பு, மக்காச்சோளம் ஆகியவற்றின் ரொட்டி, கடுகுக் கீரை, எள்ளும் வெல்லமும் சேர்ந்த உருண்டை, வேர்க்கடலை, காரட், நெல்லிக்காய் ஆகியவை குளிர்காலத்திற்கு உரியவை. ஜனவரி நடுவில் வரும் லோடி, மகர சங்கராந்தி விழாக்களில் எள்ளும் வெல்லமும் பகிரப்படுவது தற்செயலானதன்று. எள்ளில் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. கீரையிலும் கம்பிலும் இரும்புச்சத்து உண்டு. நெல்லிக்காயின் வைட்டமின் சி அந்த இரும்பை உடல் ஏற்க உதவுகிறது. உணவை ஒட்டித் தேநீர் அருந்துவது இதைத் தடுப்பதால், உணவுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேர இடைவெளி தேவை. தாகம் எடுக்காவிடினும் வெதுவெதுப்பான நீரை அவ்வப்போது அருந்த வேண்டும். மது உடலைச் சூடேற்றுகிறது என்பது தவறான நம்பிக்கை. அது தோலின் இரத்தக் குழாய்களை விரிவாக்கி உள்வெப்பத்தை வெளியேற்றுகிறது. குளிரில் உறங்குவோருக்கு இது உயிராபத்தாக முடியும்.

உடையில், கனமான ஒன்றைக்காட்டிலும் மெல்லியவை பல மேன்மையானவை. அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றே வெப்பத்தைக் காக்கிறது. தலை, காது, பாதம் ஆகியவற்றை மூடுதலும், நனைந்த உடையை உடனே மாற்றுதலும் இன்றியமையாதவை. போர்வைக்குள் முடங்கிக்கிடத்தல் சோர்வை வளர்க்கும். வெளியே செல்ல இயலாத நாளில் வீட்டினுள்ளேயே உடலை அசைத்து உழைப்பது உடலுக்கு வெப்பமும் மனத்திற்கு ஊக்கமும் தரும்.

காஷ்மீரும் லடாக்கும் காட்டும் வழி

சமவெளி மக்களைவிடக் கடுமையான குளிரில் வாழ்வோர் அதை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பது அறியத்தக்கது. காஷ்மீரில் டிசம்பர் 21 அன்று ‘சில்லை கலான்’ எனப்படும் 40 நாள் பெருங்குளிர் தொடங்குகிறது. அதன்பின் 20 நாள் ‘சில்லை குர்த்’, 10 நாள் ‘சில்லை பச்சா’ என்று குளிர் படிப்படியாகத் தணிகிறது. குளிருக்கு நாள் குறித்துவைத்த அம்மக்கள், கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சுரைக்காய், கத்தரி, தக்காளி, டர்னிப் ஆகியவற்றைக் கோத்து உலர்த்திச் சேமிக்கின்றனர். பனியால் சாலை அடைபட்டாலும் காய்கறிக்குக் குறைவில்லை. ‘பெரன்’ என்னும் தொளதொளப்பான மேலங்கிக்குள் ‘காங்கடி’ என்னும் தீச்சட்டியை ஏந்திக் குளிர்காய்வது அவர்கள் வழக்கம். பிரம்புக் கூடைக்குள் அமைந்த இம்மண்சட்டி, சிறிது கரியைக் கொண்டு ஒருவரது உடலைச் சூடாக வைக்கிறது. ஆயினும் அதன் இடைவிடாத சூட்டால் வயிறு, தொடைப் பகுதிகளில் ஒருவகைத் தோல் புற்றுநோய் உண்டாவதை 19ஆம் நூற்றாண்டிலேயே அங்குப் பணியாற்றிய மருத்துவர்கள் குறிப்பிட்டுள்ளனர். மரபிலிருந்து முன்னேற்பாட்டைக் கற்கும் நாம், அதன் குறைகளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் குளிர் உறைநிலைக்கு வெகு கீழே இறங்கினாலும் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அங்கு வீடுகளையும் பள்ளிகளையும் தெற்கு நோக்கி அமைத்து, அப்பக்கம் கண்ணாடியும், மறுபக்கங்களில் தடித்த மண்சுவரும் வைத்துக் கட்டும் முறை பரவி வருகிறது. பகல் வெயிலைச் சுவர் தேக்கிவைத்து இரவில் அறைக்கு வழங்குகிறது. லேயில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால், நிலத்தில் பள்ளம் தோண்டி மேலே ஒளி ஊடுருவும் தாள் மூடிப் பசுங்காய்கறி பயிரிடும் முறையும் குளிர்காலத்தில் கையாளப்படுகிறது. மூடுபனி சூழ்ந்த சமவெளியில் வெயில் வெப்பத்தை இதே அளவு நம்ப முடியாது. ஆனால் புதிதாகக் கட்டப்படும் அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளி ஆகியவற்றில் தென்புறச் சன்னலும் அடைக்கத்தக்க காற்றுத் துளைகளும் அமைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

நிர்வாகத்தின் கடமை

மேற்கூறிய அறிவுரைகளுள் பல, வீடும் ஓய்வும் உடையோருக்கே முழுமையாகப் பயன்படும். மூடுபனி நாளில் வெளியே செல்லாதீர் என்று நாட்கூலித் தொழிலாளியிடம் கூறுவதில் பொருளில்லை. வெளியே செல்லாவிடில் அவர் வீட்டில் அடுப்பெரியாது. பாலத்தின் கீழும் நடைபாதையிலும் உறங்குவோருக்கு அறையைச் சூடாக்கும் வழி கூறுவதும் அவ்வாறே. இங்குத்தான் பொது நிர்வாகத்தின் பொறுப்புத் தொடங்குகிறது. நகரங்களில் ஒரு இலட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கத்தக்க நிலையான உறைவிடம் ஒன்று இருத்தல் வேண்டும் என்னும் அளவுகோல் உச்ச நீதிமன்ற வழக்கின் தொடர்ச்சியாக உருவாகி, 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்திலும் இடம்பெற்றது. உறைவிடம் கட்டுவதோடு பணி முடிவதில்லை. பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் தனியிடம், கழிப்பறை, உடைமைகளுக்குப் பாதுகாப்பு ஆகியவை இல்லையெனில் மக்கள் நடைபாதையையே நாடுவர்.

குளிரலையும் உறைபனியும் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து உதவி பெறத்தக்கவற்றுள் அடங்கும். ஆயினும் நிதியைக்காட்டிலும் காலமே இங்கு முக்கியம். ஜனவரி இறுதியில் வழங்கப்படும் கம்பளி டிசம்பரில் நடுங்கியவருக்கு உதவாது. செப்டம்பரில் தேவையைக் கணக்கெடுத்து, அக்டோபரில் கொள்முதல் முடித்து, நவம்பரில் வழங்குவதே முறை. இரத்த அழுத்த மருந்து, மூச்சிழுப்பு மருந்து, பிராணவாயு உருளை ஆகியவற்றின் இருப்பு அதே காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உறுதி செய்யப்பட வேண்டும். ஆஷா பணியாளர்கள் தம் சிற்றூரில் தனித்து வாழும் முதியோர், புதிதாகப் பிறந்த குழந்தைகள், மூச்சு நோயாளிகள் ஆகியோரின் பட்டியலை வைத்திருந்து, குளிர்நாட்களில் அவர்களை நேரில் கண்டுவரலாம். பள்ளி நேரத்தை வானிலை எச்சரிக்கைக்கு ஏற்ப மாற்றுவதும், சீருடை நிறத்தில் கம்பளிச் சட்டை இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் குளிரில் வாட விடாதிருப்பதும் தலைமையாசிரியர்களின் கையில் உள்ளன.

குளிர்காலத்தில் ஏற்படும் இறப்புகளுள் பல, இதயநோய் என்றும் மூச்சுத்திணறல் என்றும் முதுமை என்றும் பதிவாகின்றன. குளிர் என்று எழுதப்படுவது அரிது. அதனாலேயே அதன் தீங்கு கணக்கில் குறைந்து காணப்படுகிறது. மாவட்டந்தோறும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான இறப்புகளைப் பிற மாதங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சிறு முயற்சியே, எந்தப் பகுதியில் யாருக்கு உதவி தேவை என்பதை அதிகாரிகளுக்கு உணர்த்தும். குளிரை மாற்றுவது நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. புகையைக் குறைப்பதும், வெயிலைப் பயன்படுத்துவதும், நோயை உரிய நேரத்தில் கண்டறிவதும், கூரையற்றவருக்குக் கூரை தருவதும் நம்மால் ஆகும். இலையுதிர் காலத்திலேயே இப்பணிகளைத் தொடங்கும் மாவட்டங்களில் குளிர்காலம் மற்றுமொரு பருவமாகவே வந்து செல்லும்.